ஆண்பிள்ளையாய் வளர்ந்த அரசியர்

பெற்ற மகளைப் புகழ்வதற்கு நம்மவரிடையே வழங்கும் தொடர் ஒன்று உண்டு. "இவளை ஆண்பிள்ளையைப் போல் வளர்த்தோம்" என்பதே அது. சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் இத்தொடர் இன்னும் மிகுதியாய் ஒலிக்கக் கேட்கின்றோம். பெங்களூர் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறை தலைமுறையாய் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், தந்தையின் நாவுக்குக் கன்னடம் முழுதும் வசப்படாத இடத்தில் மகள் பேசுகிறாள். வங்கிக்கும் மருத்துவமனைக்கும் மாநகராட்சி அலுவலகத்துக்கும் அவளே சென்று காரியம் முடித்து வருகிறாள். மாலையில் அவள் வீடு திரும்பும்போது தாய் பெருமையோடு அண்டை வீட்டாரிடம் கூறுவது, "எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாத குறை இவளால் தீர்ந்தது" என்பதுதான்.

இச்சொல்லில் அன்பு நிறைந்திருக்கிறது, ஐயமில்லை. ஆயினும் இச்சொல்லுக்குள் ஒரு பழங்கதையும் ஒளிந்திருக்கிறது. ஆண் உடை புனைந்து, ஆண் பெயர் பூண்டு, வாளேந்திய வீரமகளிரின் கதை அது. நம் புராணங்கள் அதைப் பாடின. நாடக மேடைகள் அதை ஆடின. பின்னர்த் திரைப்படங்கள் அதை ஒளியும் ஒலியுமாய் நம் கண்முன் நிறுத்தின. அக்கதைகளை நாம் எவ்வாறு காணவேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழருக்கு இக்கதை மதுரையில் தொடங்குகிறது. மலயத்துவச பாண்டியன் மகப்பேறு வேண்டி வேள்வி செய்தான். வேள்வித் தீயினின்று மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று தோன்றியது. மகனை எதிர்பார்த்த மன்னன் மனம் தளர்ந்தபோது, "இவளுக்குத் தடாதகை எனப் பெயரிட்டு, மகனுக்குரிய சடங்குகளைச் செய்து, முடிசூட்டுவாயாக" என்னும் பொருள்பட வானொலி ஒன்று எழுந்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறுகின்றது. படைக்கலமும் குதிரையேற்றமும் யானையேற்றமும் பயின்ற தடாதகைப் பிராட்டியார் திசையெல்லாம் வென்று, இறுதியில் கயிலை வரை படை நடத்திச் சென்றார். அங்கே இறைவனைக் கண்ட கணத்தில் நாணம் வந்தது, வில் நெகிழ்ந்தது, வீராங்கனை மணமகளானார். மணம் முடிந்தபின் அரசு சுந்தர பாண்டியனைச் சேர்ந்தது.

கதை இவ்வளவில் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. மதுரைக் கோயிலின் வழிபாடு இதற்கு மேலும் ஒன்று சொல்கிறது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மைக்குப் பட்டாபிடேகம் நடக்கின்றது. செங்கோல் அம்மையின் கையில் அளிக்கப்படுகின்றது. அதன் பின்னரே திக்குவிசயமும் திருக்கல்யாணமும் நடைபெறுகின்றன. ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதர் முடிசூடும் வரை மதுரையில் அம்மையின் ஆட்சியே என்பது மரபு. மணமான பிறகும் ஆண்டுதோறும் நான்கு திங்கள் செங்கோல் மீனாட்சியிடமே இருக்கின்றது. ஆகவே ஒரே கதைக்குள் இரண்டு குரல்கள் உள்ளன. வீரம் மணத்தோடு முடிந்தது என்பது ஒரு குரல். செங்கோல் அவளுடையதே என்பது மற்றொரு குரல். நம் திரைப்படங்கள் இவ்விரண்டில் எதனைக் கேட்டன என்று பார்ப்போம்.

திரைக்கு முன்னால் மேடை இருந்தது. ஆண்கள் ஸ்திரீபார்ட் பூண்டு ஆடிய நாடகக் கம்பெனிகளின் காலத்திலேயே, பெண்களும் ஆண் வேடம் பூண்டு நடித்தனர். கொடுமுடியில் தோன்றிய கே. பி. சுந்தராம்பாள், 1935ஆம் ஆண்டில் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அக்காலத்து வியப்பு. 1941ஆம் ஆண்டில் வெளிவந்த சாவித்திரி படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராய் வந்தார். நாம் வாழும் பெங்களூரிலும் இத்தகைய பெருமை உண்டு. மைசூரில் 1926ஆம் ஆண்டில் பிறந்த ஆர். நாகரத்தினம்மா, 1958இல் பெண்கள் மட்டுமே நடிக்கும் ஸ்திரீ நாடக மண்டலியைப் பெங்களூரில் நிறுவினார். கம்சனும் இராவணனும் வீமனும் துரியோதனனும் அவர் உருவில் மேடையேறினர். மீசை வைத்துக் கதை சுழற்றிய அந்தக் கலைஞருக்கு 2012இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

மேடையில் ஆண் வேடம் பூண்ட பெண்ணை எவரும் "நீ ஏன் ஆணாய் வந்தாய்?" என்று வினவவில்லை. அது கலை. ஆனால் கதைக்குள்ளேயே ஒரு பெண் ஆணாக மாறினால், அம்மாற்றத்துக்குக் காரணம் கூற வேண்டியதாகிறது. பின்னர் அம்மாற்றத்தைக் கலைக்கவும் வேண்டியதாகிறது. 1937ஆம் ஆண்டில் கே. அமர்நாத் இயக்கிய மின்னல்கொடி என்னும் தமிழ்ப்படம் இதற்கு நல்ல சான்று. கே. டி. ருக்மணி அதில் மோகினி என்னும் அநாதைப் பெண்ணாய் நடித்தார். உறவினனால் வஞ்சிக்கப்பட்ட மோகினி, உயிர் துறக்கும் மின்னல்கொடி என்னும் கொள்ளைத் தலைவனைச் சந்திக்கிறாள். அவன் பெயரையும் வேடத்தையும் தானே ஏற்று, எளியோருக்கு உதவும் வீரனாய் உலவுகிறாள். இரண்டாண்டுகளுக்கு முன், 1935இல், பம்பாயில் வாடியா நிறுவனத்தார் எடுத்த ஹண்டர்வாலி படத்தில் நாடியா முகமூடி பூண்டு சாட்டை சுழற்றியதைக் கண்டு நாடே ஆரவாரித்திருந்தது. மின்னல்கொடி அவ்வழியில் வந்த படம். அதில் மோகினியைப் பிடிக்க வரும் காவல் அதிகாரிக்கும் அவளுக்கும் காதல் அரும்புகிறது. வேடம் அநீதியை எதிர்க்கப் பூண்டது. அதைக் கலைக்க வருவதோ காதல்.

இவ்வழக்கம் எளிய சண்டைப் படங்களோடு நின்றுவிடவில்லை. பெரும் பொருட்செலவில் எடுத்த சரித்திரப் படங்களிலும் இதுவே தொடர்ந்தது. டில்லியை 1236 முதல் 1240 வரை ஆண்ட சுல்தான் ரஸியா, பெண்ணுடை நீக்கி, மேலங்கியும் தலைப்பாகையும் அணிந்து, யானை மீதேறி மக்கள் காண வெளியே வந்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் குறித்திருக்கிறார். அதில் மறைப்பு ஒன்றுமில்லை. அவர் பெண் என்பதை யாவரும் அறிவர். அரியணைக்குரியவள் அரியணைக்குரிய உடையில் வந்தாள், அவ்வளவே. 1983ஆம் ஆண்டில் கமால் அம்ரோஹி எடுத்த ரஸியா சுல்தான் படத்தில் தமிழ்ப் பெண்மணியான ஹேமமாலினி அந்த அரசியாய்த் தோன்றினார். ஆனால் படத்தின் நெஞ்சம் ஆட்சியில் இல்லை. யாகூத் மீது அரசி கொண்ட காதலில் இருந்தது. நான்காண்டு ஆண்ட ஒருவரைப் பற்றிய படத்தில், அவர் எவ்வாறு ஆண்டார் என்பதைவிட யாரைக் காதலித்தார் என்பதே முதன்மையாயிற்று.

இனி, நம் பொருளுக்கு நெருங்கிய சான்றாகிய காகதீய அரசி ருத்திரமாதேவியிடம் வருவோம். ஓரங்கல்லில், அதாவது இன்றைய வாரங்கலில், ஆண்ட கணபதிதேவனின் மகள் இவர். 1262ஆம் ஆண்டை ஒட்டித் தனியாட்சி ஏற்று, 1289 வரை ஏறத்தாழ 27 ஆண்டுகள் செங்கோல் செலுத்தினார். கல்வெட்டுகளில் இவர் பெயர் பல இடங்களில் "ருத்திரதேவ மகாராஜா" என்று ஆண்பாலில் பொறிக்கப்பட்டுள்ளது. ருத்திரமாதேவி என்னும் பெண்பெயரும் கல்வெட்டுகளில் உண்டு. ஆகவே நாடு ஏமாற்றப்பட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. அரசன் என்னும் பதவி ஆண்பாற் சொல்லாய் இருந்தது. அப்பதவியில் அமர்ந்தவர் அச்சொல்லையும் அணிந்துகொண்டார்.

கீழைச் சாளுக்கியர் குடியில் வந்த வீரபத்திரனை இவர் மணந்தார். மக்கள் மூவரும் பெண்கள். மணத்தால் அரியணை கணவன் கைக்கு மாறவில்லை. தேவகிரி யாதவ மன்னன் மகாதேவன் படையெடுத்து வந்தபோது எதிர்த்து விரட்டினார். இன்று கர்நாடகத்தில் உள்ள பீதர் கோட்டையிலும் இவர் காலத்துக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. இறுதியில், தமக்கு அடங்கியிருந்து பின்னர்ப் பகைத்த அம்பதேவனோடு பொருத காலத்தில், தம் படைத்தலைவர் மல்லிகார்ஜுன நாயகரோடு உயிர் துறந்தார். நல்கொண்டாப் பகுதியிலுள்ள சந்துபட்லா என்னும் ஊரில் 1289 நவம்பர் மாதத்துக் கல்வெட்டு அதற்குச் சான்று. மகளின் மகனாகிய பிரதாபருத்திரன் அவருக்குப் பின் முடிசூடினான்.

வெனிஸ் நகரத்து வழிப்போக்கர் மார்க்கோ போலோ, மோட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஒட்டி முத்பிலி என்று தாம் அழைத்த இந்நாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அதை ஓர் அரசி நீதி தவறாது ஆண்டதைப் போற்றுகிறார். ஆயினும் அவரைக் கணவனை இழந்த அரசி என்றும், கணவனின் நாட்டையே அவர் ஆண்டார் என்றும் எழுதிவிட்டார். ஒரு பெண் அரசாள்கிறாள் என்றால் அது கணவனிடமிருந்து வந்ததாய்த்தான் இருக்கும் என்று அவர் கருதியிருக்கக்கூடும். மகள் என்ற உரிமையிலேயே ஒருத்தி அரியணை ஏறினாள் என்பது உலகம் சுற்றியவருக்கும் எளிதில் தோன்றவில்லை.

இவ்வரசியின் கதையை 2015ஆம் ஆண்டில் குணசேகர் தெலுங்கில் ருத்ரமாதேவி என்னும் படமாய் எடுத்தார். தமிழிலும் அது வெளிவந்தது. அரசியாய் நடித்த அனுஷ்கா ஷெட்டி கடற்கரைக் கன்னட நாட்டினர். பெங்களூர் மவுண்ட் கார்மல் கல்லூரியில் பயின்றவர். இசை அமைத்தவர் நம் இளையராஜா. தெலுங்கு நாட்டு அரசியைக் கன்னட நாட்டு மகள் நடிக்க, தமிழ்நாட்டு இசையோடு காணும் வாய்ப்பு அப்படத்தில் அமைந்தது. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

படத்தில் கதை இவ்வாறு செல்கின்றது. மன்னனுக்குப் பெண் பிறந்ததை வெளியிட்டால் பகைவர் நாட்டைச் சூழ்வர் என்று அஞ்சி, அமைச்சர் சிவதேவய்யாவின் சொற்படி, மகன் பிறந்தான் என்று முரசறைவிக்கின்றனர். குழந்தை ருத்திரதேவனாய் வளர்கிறது, போர்க்கலை பயில்கிறது. உண்மை வெளிப்பட்டபின், ஆணென்று வணங்கிய நாடு பெண்ணென்று ஐயுறுகிறது. வஞ்சகர் சூழ்ச்சியால் வெளியேற நேர்ந்த அவர், போரிட்டு மீண்டும் அரியணை ஏறுகிறார். படத்தில் காதலும் ஆடலும் பாடலும் மிகுதிதான். வேற்று வீரன் ஒருவனின் சாகசத்துக்கும் பெரும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எனினும் ஒரு நன்மையை மறவாது கூற வேண்டும். வேடம் கலைந்ததோடு இப்படம் முடிந்துவிடவில்லை. பெண் என்று யாவரும் அறிந்த பின்னரே அவர் முடிசூடுகிறார்.

பிற நாட்டுத் திரைகளிலும் இதே வினா எழுந்திருக்கிறது. சீன நாட்டுப் பழம்பாடலில் வரும் மூலான், முதிய தந்தைக்கு மாற்றாய் ஆணுடை பூண்டு படையில் சேர்கிறாள். பன்னிரண்டு ஆண்டு போரிட்டபின், பேரரசன் அளித்த பதவியை வேண்டாமென்று மறுத்து, வீடு திரும்பிப் பழைய ஆடையை அணிகிறாள். ஷாங்காய் நகரம் போரின் பிடியில் இருந்த 1939ஆம் ஆண்டில் அக்கதை அங்கே படமாயிற்று. 1998இல் டிஸ்னி நிறுவனத்தார் அதைச் சித்திரப் படமாக்கி உலகெங்கும் பரப்பினர். இக்கதையில் வேடம் அமைதியாய்க் கலைகிறது. பிரான்ஸ் நாட்டு ஜோன் ஆஃப் ஆர்க்குக்கு அவ்வாறு நேரவில்லை. சிறையில் ஒருமுறை பெண்ணுடை ஏற்றவர், சில நாளில் மீண்டும் ஆணுடை பூண்டார் என்பதையே குற்றம் மீண்டதற்கு அடையாளமாய்க் கொண்டு, 1431 மே 30இல் ரூவான் நகரில் அவரைத் தீயிலிட்டனர். 1928இல் வெளிவந்த டிரையரின் மௌனப்படம், போர்க்களத்தை விடுத்து, அந்த விசாரணையையும் அப்பெண்ணின் முகத்தையும் மட்டுமே காட்டிற்று. ஒரு பெண் எந்த உடையில் இருக்கிறாள் என்பது ஓர் அரசையே அச்சுறுத்தக்கூடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

இவ்வளவும் வேடம் பூண்டவர் கதை. ஆனால் நாம் குடியிருக்கும் கர்நாடகம் போற்றும் வீரமகளிரில் இருவர் வேடமே வேண்டாதவர்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். கித்தூர் சென்னம்மா, தாம் தத்தெடுத்த மகனின் உரிமையை ஆங்கிலக் கம்பெனியார் ஏற்க மறுத்தபோது, 1824ஆம் ஆண்டில் அரசியாகவே நின்று போர் தொடுத்தார். அக்டோபர் 23இல் நடந்த போரில் தாக்கரே என்னும் ஆங்கில அதிகாரி மாண்டான். பின்னர்ச் சிறைப்பட்ட சென்னம்மா 1829இல் பைலஹொங்கல் கோட்டையில் உயிர் நீத்தார். நம் வீரபாண்டிய கட்டபொம்மனை 1959இல் திரையில் நிறுத்திய பி. ஆர். பந்துலு, இரண்டாண்டு கழித்து, 1961இல், சென்னம்மாவையும் கன்னடத் திரையில் நிறுத்தினார். அரசியாய் நடித்தவர் பெங்களூரில் பிறந்து, கன்னடத்துப் பைங்கிளி என்று நாம் கொண்டாடிய பி. சரோஜாதேவி, 2025 ஜூலையில் அவர் இந்நகரிலேயே மறைந்தார்.

மற்றொருவர் சித்திரதுர்க்கத்து ஒனகே ஓபவ்வா. கோட்டைக் காவலனின் மனைவி. கணவன் உணவருந்தும் வேளையில், ஐதர் அலியின் படைவீரர் பாறை இடுக்கு வழியே ஒவ்வொருவராய் நுழைவதைக் கண்டார். கையில் வாள் இல்லை, உலக்கை இருந்தது. அதைக் கொண்டே நுழைந்தவர்களை வீழ்த்தினார் என்பது அம்மண்ணின் கதை. கன்னடத்தில் ஒனகே என்றால் உலக்கை. அதுவே அவர் பெயருக்கு முன்னால் நின்றுவிட்டது. 1972இல் புட்டண்ண கனகால் எடுத்த நாகரஹாவு படத்தில் ஒரு பாடற்காட்சியில் மட்டும் ஜெயந்தி ஓபவ்வாவாய் வருகிறார். எதிர்நீச்சல், இரு கோடுகள் படங்களில் நாம் கண்ட அதே ஜெயந்திதான். சேலையை வரிந்து கட்டி உலக்கையோடு அவர் நிற்கும் தோற்றம், சில நிமிடங்களே ஆயினும், கன்னட மக்கள் நெஞ்சில் நிலைத்துவிட்டது. ஆண் உடை அங்கே இல்லை. ஆண் பெயரும் இல்லை.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்குங்கால், இத்தகைய படம் ஒன்றைக் காணும்போது நாம் வினவவேண்டிய வினா ஒன்றே என்பது விளங்கும். வேடம் கலைந்த பிறகு வாள் யார் கையில் இருக்கிறது? வேடத்தோடு வாளும் பறிபோனால், அவ்வீரம் இரவலாய் வந்தது என்றே அப்படம் சொல்கின்றது. வேடம் போயும் வாள் அவள் கையிலேயே இருந்தால், வீரம் அவளுடையதே என்று அது ஒப்புக்கொள்கின்றது.

இவ்வினாவைத் திரையரங்கோடு விட்டுவிடலாகாது. நம் வீட்டிலும் வினவ வேண்டும். ஆண்பிள்ளையைப் போல் வளர்த்தோம் என்று பெருமை பேசும் நாம், அந்த மகளுக்கு மணம் பேசும் நாளிலும், வீட்டுமனை பங்கிடும் நாளிலும், பெற்றோரின் இறுதிக்காலத்தை முடிவு செய்யும் நாளிலும், அவளை எங்கே அமர்த்துகிறோம்? சட்டம் இதில் நம்மினும் முந்திவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இலும் கர்நாடகம் 1994இலும் இந்துக் குடும்பங்களுக்குச் சட்டம் இயற்றின. அப்போது மணமாகியிருந்த மகளிர் அச்சட்டங்களில் விலக்கப்பட்டிருந்தனர். 2005ஆம் ஆண்டின் மத்திய சட்டத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்னும் வேறுபாடின்றி, மகனுக்கு உள்ளவாறே மகளுக்கும் உரிமை உண்டு என்று நாடு முழுமைக்கும் விதித்தது. மணத்தோடு மகளின் உரிமை முடிவதில்லை என்பதை இன்று சட்டமே கூறுகின்றது. வீட்டில் பேசும் சொல்லும் ஏட்டில் எழுதிய சட்டமும் ஒன்றாகும் நாளில்தான் நம் புகழ்ச்சிக்குப் பொருள் உண்டாகும்.

வெளியூரில் நமக்காகப் பேசிய மகள், நம் ஊர் வீட்டின் முற்றத்திலும் பேசும் உரிமை உடையவள். அலுவலகப் படிகளில் ஏறி அவள் பெற்ற துணிவு எவரிடமும் இரவல் வாங்கியதன்று. ஆகவே அவளைப் புகழும்போது ஆண்பிள்ளையை உவமையாய்த் தேட வேண்டியதில்லை. ஓரங்கல்லின் அரசிக்குக் கல்லில் ஆண்பெயர் பொறிக்க நேர்ந்த காலம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கழிந்துவிட்டது. நம் மகளிர் தங்கள் சொந்தப் பெயரிலேயே கையொப்பமிடட்டும்.